தடுப்பைத் தாண்டிய லித்தியம்

சனிக்கிழமை, பூதப்பாண்டி

மத்தியானம் ஷாகுல் வீடியோ காலில் வந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த மெல்லிய பேட்டரிகளோடு வெளிநாட்டு அணு உலை ஒன்றுக்குப் போயிருக்கிறான். அங்கே கிடைக்கும் நியூட்ரான் பட்டால் லித்தியத்திலிருந்து சிறு துகள்கள் தெறிக்கும். அவற்றின் ஆற்றலை அளந்தால் லித்தியம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேட்டரியைப் பிரிக்கவே வேண்டாம்.

"மக்கா, உக்காந்துக்கிட்டு கேளு," என்றான்.

அவன் காட்டிய வரைபடத்தில் லித்தியம் தடுப்புப் படலத்தைத் தாண்டி பேட்டரிக்கு அடியில் இருக்கும் சிலிக்கான் தகட்டுக்குள் போயிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்தப் படலம் லித்தியத்தை விடாது என்பதுதான் என் ஆய்வேடே.

"சாம்பிள் மாறியிருக்கும்லே. வேற வச்சுப் பாரு."

"எல்லாத்தையும் பாத்தாச்சு ஏட்டி. ஒருக்கா கூட சார்ஜ் ஏத்தாததுலயும் இப்படித்தான் இருக்கு."

சார்ஜ் ஏற்றாமல் லித்தியம் நகரக் கூடாது. அப்படியானால் பேட்டரியைச் செய்யும்போதே, நான் அதை ஆய்வகச் சூளையில் சூடேற்றும்போதே கசிந்திருக்கிறது. பேட்டரி சீக்கிரம் வலுவிழப்பதற்கு ஆய்வேட்டில் வேறென்னென்னவோ காரணம் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுப்பதாக இருந்தது. நிறுத்தி வைக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு மெயில் அனுப்பினேன். "நல்ல வேளை, இப்போதே தெரிந்தது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு அது நல்ல வேளையாகத் தோன்றவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"ஆருக்கு என்னாச்சு மக்களே?"

"ஆருக்கும் ஒண்ணுமில்லம்மா. லித்தியம் வெளிய போயிட்டு."

"போனா திரும்பி வராதா?"

"வராதும்மா," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.