புழுதியில் போட்ட உளுந்து

பிரியமுள்ள ராஜகுமாரிக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசினா குரல் காட்டிக் கொடுத்துரும்னுதான், ஊருக்கு வார கடையநல்லூர் ரிஸ்வான்கிட்ட இதைக் கொடுத்து விடுதேன்.

சின்ன விஷயந்தான், பயப்படாதே. கம்பியில தொங்குத இரும்புத் தொட்டில்ல நின்னு உசந்த கட்டடத்துக் கண்ணாடி துடைக்கும்போது, தொட்டிலை ஏத்தி இறக்குத மோட்டார் நின்னுட்டு. காத்து தொட்டிலைச் சுவர்ல மோதிக்கிட்டே இருந்துச்சு. கூட நின்ன கேரளத்து ஷிபு கண்ணை மூடிக்கிட்டு அழுதான். எனக்கும் பயந்தான். அப்ப உன் நெனப்புதான் வந்துச்சு. வானத்துல மேகமே இல்லாதப்ப குருவிகுளத்துக் காட்டுல வெறும் புழுதியில உளுந்து விதைப்பியே. கேட்டா, "மழை வந்தபொறவு விதைச்சா பிந்திரும்"ம்பே. நானும் ஷிபுகிட்ட, "இறங்கினதும் என்ன ஆக்கலாம்?"னு கேட்டேன். கஞ்சியா கப்பைக்கிழங்கான்னு பேசப் பேச, ரெண்டு பேருக்கும் கம்பியை இறுக்கிப் பிடிக்கத் தெம்பு வந்துட்டு. பொறவு எங்களை மேல இழுத்துட்டாங்க.

நாளைக்கும் ஏறணும். காத்து இன்னும் அடங்கல. ரிஸ்வான் திரும்பி வரும்போது சங்கரன்கோவில் அம்மன் புத்துமண் கொஞ்சம் கொடுத்து விடு, நெத்தியில பூசிக்கிடுதேன்.

ரிஸ்வானை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்த வேன்காரன் ஹாரன் அடிக்கான். இந்த வருஷமும் மழையைப் பாத்துக்கிட்டு நிக்காம விதைச்சிரு. ஒரு கை விதையை என் பேரைச் சொல்லிப் போடு.

இசக்கித்துரை