வெளியேறியோர் பட்டியல்

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரியும். கேட்காமல் தொடங்கவும் மனம் வரவில்லை. போனில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று ஒரு நப்பாசை. லாரி ஓட்டும் உன் சிநேகிதனை விடாமல் நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். அவனைத் திட்டாதே.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் வேலை மாறியது உனக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் பிரிவிலிருந்து என்னைக் கிளப்பி, நகராட்சி மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையைப் போட்டு, 'பேரிடர் எச்சரிக்கைப் பிரிவு' என்று பலகை மாட்டிவிட்டார்கள். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். காலையில் வானிலை அலுவலகத்திலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறத்தில் தகவல் வரும். அதை நாலு வரியாக எழுதி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் ஏறி, நம் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஜனவரியில் பனிமூட்டம், விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள் என்றேன். இப்போது பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெளியே வராதீர்கள் என்கிறேன். அடுத்து இடி, அதற்கடுத்து காற்று, அப்புறம் வெள்ளம். வருஷம் முழுக்க எதற்காவது பயப்படச் சொல்வதுதான் என் பிழைப்பு. தெருவில் எனக்குச் 'சங்கு அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். செவிடன் காதில் ஊதுகிற சங்கு என்று உன் அத்தான் அதற்கு விளக்கமும் கொடுக்கிறார்.

நேற்று தார் போடும் ஆட்கள் என் ஆட்டோவை நிறுத்தி, "வெயில்ல நிக்காதேன்னு சொல்றதுக்கு நீங்க ஏன்க்கா வெயில்ல நிக்கறீங்க" என்று கேட்டார்கள். கிண்டல்தான், ஆனால் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். அப்போது எனக்கே தலை சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, எழுத வந்த விஷயம் அம்மா. இந்த வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள். என் வீடு மாடியில்தான் இருக்கிறது, காற்று வரும், ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்து இரு என்று எத்தனை தடவை கூப்பிட்டாகிவிட்டது. வரமாட்டேன் என்கிறாள். போன வாரம் மயக்கம் போட்டுத் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

நீ போய் ஆறு வருஷமாகிறது. வாய்க்கால் ஓரத்து வீடு ஒருநாள் தண்ணீரில் போகும், விற்றுவிட்டு மேட்டில் ஒன்று வாங்கலாம் என்று நீ சொன்னதில் தப்பில்லை. அப்பா கட்டிய வீட்டை விலை பேசுகிறாயா, இனி இந்தப் படியை மிதிக்காதே என்று அவள் சொன்னதுதான் தப்பு. வாய் தவறிச் சொன்னாள். நீயும் ரோஷக்காரன், போய்விட்டாய். அன்றிலிருந்து அவள் அந்தக் கதவைப் பூட்டுவதில்லை. கடைக்குப் போனாலும் சும்மா சாத்திவிட்டுத்தான் போகிறாள். ஏன் என்று கேட்டால், பூட்டு துருப்பிடித்துவிட்டது என்கிறாள். நான் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அது அலமாரியில் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஒரு போன் செய்து, அக்கா வீட்டுக்குப் போம்மா என்று சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே. பார், உன்னிடமும் அதையே சொல்கிறேன்.

உன் அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 14

தம்பி,

பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. ஆகவே நீ படித்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது இடி மின்னல் காலம். போன செவ்வாய்க்கிழமை மைதானத்துப் பக்கம் போய், மின்னும்போது மரத்தடியில் நிற்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது பேர் நின்று கவனமாகக் கேட்டார்கள். அத்தனை பேரும் மரத்தடியில்தான் நின்றார்கள். ஆட்டோ டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி சாக்கடையில் இறங்கப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இதே மைதானத்தில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் மனைவி, நீங்கள்தானே தினமும் சொல்லிக்கொண்டு போவீர்கள் என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் என் குரலையே எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் தாழ்வான தெருக்களில் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு பேருக்கும் எதிரே மூன்று கட்டம்: தகவல் சொல்லப்பட்டது, வெளியேறினார், வெளியேற மறுத்தார். மறுத்தால் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பட்டியலின் நகல் தீயணைப்புப் படகுக்காரர்களுக்குப் போகும். வெளியேறினார் என்று குறித்த வீடுகளுக்குப் படகு போகாது. மறுத்தவர்களைத்தான் போய்ப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் அதற்கு ஒத்திகை நடந்தது. அதிகாரியும் கூட வந்தார். தெருவே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. கடைசி வீட்டில் அம்மா படிவத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை படித்து, மறுத்தார் என்ற கட்டத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி என்னைப் பார்த்து, "ஊருக்குத்தான் உபதேசம் போல" என்றார். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

சாயங்காலம் போய் அம்மாவிடம் கத்தினேன். ஒத்திகைக்காவது வந்திருக்கலாமே, உன்னால் எனக்கு எவ்வளவு அவமானம் என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவன் வந்து நின்னா வீட்ல ஆள் வேணாமா" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். பெற்ற மனம் பித்து. பழமொழியின் மிச்சப் பாதியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு போக அவள் என்ன மூட்டையா? மழைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. போன் செய்.

அக்கா

&nbsp;

டிசம்பர் 3

தம்பி,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பதறிக்கொண்டு படிக்க வேண்டாம்.

வெள்ளம் வந்து பதினோரு நாளாகிறது. செய்தியில் பார்த்திருப்பாய். நம் தெருவில் ஆள் உயரத் தண்ணீர். இப்போது வடிந்துவிட்டது. அம்மா வீட்டுக்குள் சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேறு கோடு போட்டிருக்கிறது. நான் முகாமிலும் அலுவலகத்திலுமாக இருந்து இன்றைக்குத்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கை வலிக்கிறது. இருந்தாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

அன்று காலை சிவப்பு எச்சரிக்கை. மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்றுதான் தகவல். ஒன்பது மணிக்கே தெருவில் இறங்கினேன். இந்தத் தடவை ஜனங்கள் முரண்டு பிடிக்கவில்லை, மேகத்தைப் பார்த்தே பயந்துவிட்டார்கள். கடைசியாக அம்மா. வர மாட்டேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன். பேனாவைக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

தெருமுனையில் அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்து பட்டியலுக்குக் காத்திருந்தார். இன்னும் ஒருமுறை அந்த உபதேசப் பேச்சைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வரலாம், ஆட்டோ டிரைவரையும் கூட்டி வந்து அவளை வலுக்கட்டாயமாகவே ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். எப்படியும் ஒரு மணி நேரத்தில் வெளியேறப் போகிறவள்தானே என்று, அவள் பேருக்கு எதிரே 'வெளியேறினார்' என்று குறித்துவிட்டேன். நான்தான் குறித்தேன். என் கையால்.

வாய்க்கால் கரை பத்தரை மணிக்கே உடைந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டேன். நடுவில் கழுத்தளவு தண்ணீர். போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. படகு எங்கள் பக்கம் வரவே நாலு மணியாகிவிட்டது. படகுக்காரரிடம் ஓடி, கடைசி வீட்டில் எங்கள் அம்மா இருக்கிறாள் என்றேன். அவர் பிளாஸ்டிக் உறையில் இருந்த பட்டியலைப் பார்த்து, "போயிட்டாங்கன்னு போட்டிருக்கேக்கா, அதனாலதான் ரெண்டு தடவை அந்தப் பக்கம் போயும் நிக்கலை" என்றார். அந்த நேரத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி பக்கத்தில் நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? திரும்பிப் போயிருப்பாள் போல என்றேன்.

கட்டிலின் மேல் தையல் மேசை, அதன் மேல் அவள். இடுப்பு வரை தண்ணீர். ஐந்தரை மணி நேரம். இரண்டு தடவையும் படகுச் சத்தம் கேட்டுத் தட்டை எடுத்துத் தட்டியிருக்கிறாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, கை மட்டும் தட்டை விடவில்லை.

முகாமில் ஆளாளுக்கு அவளைத்தான் திட்டினார்கள். பத்திரமாக வெளியே வந்தவள் எதற்காகத் திரும்பிப் போனாய் என்று. நான் எங்கே போனேன், வீட்டில்தானே இருந்தேன் என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல, வயதாகிவிட்டது, குளிரில் மூளை குழம்பியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மருத்துவர் வந்து, இன்றைக்கு என்ன கிழமை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டார். இரண்டு பிள்ளைகள் என்று சரியாகத்தான் சொன்னாள். அடுத்து அதிகாரி வந்து, வீட்டை விட்டு வந்தீர்களா இல்லையா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்று கேட்டார். கையில் பட்டியல் இருந்தது.

அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை தம்பி, ஒரு நொடிதான். "ஆமா சார், வந்துட்டுத் திரும்பிப் போனேன். மறந்துட்டேன். வயசாச்சுல்ல" என்றாள்.

போன வாரக் கூட்டத்தில் நம் வார்டில் உயிர்ச்சேதம் இல்லை என்று என்னை எழுப்பி நிற்க வைத்துக் கை தட்டினார்கள். நின்றேன். வேறென்ன செய்ய? அவள் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நானே போய்க் கலைத்தால் அவளுக்கு அது இன்னொரு அடி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை என்பதும் தெரியும். வேலை போய்விடும் என்ற பயமும்தான். உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். இதை வைத்து நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

முகாமிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். அங்கே போய்ச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இருமல் நிற்கவில்லை. சுவர் இன்னும் ஈரம். கதவு தண்ணீரில் ஊறிப் பருத்து இப்போது சாத்தக்கூட வரவில்லை. திறந்தே கிடக்கிறது. பட்டியலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன்.

அடுத்த வாரக் கடைசியில் மறுபடியும் பெருமழை என்று இன்று காலை தகவல் வந்துவிட்டது. புதுப் படிவங்களும் வந்துவிட்டன. இந்தத் தடவை நான் உள்ளதைத்தான் எழுதுவேன். ஆனால் உள்ளதை எழுதினால் மட்டும் அவள் பிழைத்துவிடுவாளா? இன்னொரு ஐந்தரை மணி நேரத்தை அந்த உடம்பு தாங்காது. மருத்துவரும் அதைத்தான் சொன்னார்.

நீ நேரில் வா. வந்து அந்த வாசலில் நின்று, கிளம்பும்மா என்று ஒரு தடவை சொல். போதும். நீ தங்க வேண்டாம், என்னோடு பேசக்கூட வேண்டாம். வர முடியாது என்றால் அதையே உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. உன் எழுத்து அவளுக்குத் தெரியும்.

அதற்கும் மனம் இல்லையா, இனி நான் வரவே மாட்டேன் என்று எழுதிவிடு. நான் கொண்டு போய்ப் படித்துக் காட்டுகிறேன். அழுவாள். அழட்டும், என் வீட்டு மாடியில் உட்கார்ந்து அழட்டும். எழுதப்போவது எதுவானாலும் இந்த வாரமே எழுது.

நீ எங்கே இருந்தாலும் மேடான இடமாகப் பார்த்து இரு. நன்றாக இரு.

உன் அக்கா