டம்ளருக்குப் பின்னால்

ஐப்பசி 8, சனி.

வீட்டுக்காரரின் கேமரா நண்பர் சோமனூரிலிருந்து வந்தார். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பாராட்டிய படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்று வாங்கிய லென்ஸில் என் வீட்டுக்காரர் எடுத்தது. காபி டம்ளரின் விளிம்பு மட்டும் தெளிவாக இருக்கிறது. பின்னால் எங்கள் மகள், புகைபோல. படம் எடுத்த அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள். அதுதான் அவளுடைய கடைசிப் படம்.

“பின்னாடி எப்படிக் கரைஞ்சிருக்குது பாருங்க அம்மணி!” என்றார் நண்பர். அவருக்கு விவரம் தெரியாது.

“அது எம்பட புள்ளைங்க. மூஞ்சியத் தெளிவாக்கித் தர முடியுங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “முடியாதுங்க.”

“லென்ஸைச் சோதிக்கத்தான் டம்ளரைப் பார்த்து எடுத்துப்போட்டேன்” என்று இவர் அழுதார். நான் தேற்றவில்லை.

இப்போது மறுபடி பார்த்தேன். சிரிக்கிறாளா, என்னைக் கூப்பிடுகிறாளா? எவ்வளவு கிட்ட வைத்தாலும் தெரியவில்லை.