டிரிப் ஆகாத பிரேக்கர்

ஓசூர்,
ஜூலை 14.

அன்புள்ள சுடலைமுத்து அண்ணனுக்கு,

சூசைமேரி எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதினோரு தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நம் கம்பெனியில் நான்கு மாதம் முன்பு எரிந்த மின் பேனலை மாற்றிவிட்டார்கள். மெயின்டனன்ஸ் மேனேஜர் இன்னும் ராமப்பன் சார்தான். புது கம்பிரசரை அந்த லைனில் கொடுத்து லோடை ஏற்றிவிட்டீர்கள் என்று சொல்லித்தானே அவர் உங்களை வேலையிலிருந்து அனுப்பினார். லோடு அதிகமென்றால் பிரேக்கர் ஏன் டிரிப் ஆகி கரண்டைத் துண்டிக்கவில்லை என்று நீங்கள் அன்றைக்கே கேட்டீர்கள். யாரும் உங்கள் பக்கம் நிற்கவில்லை. நானும்தான்.

போன வாரம் பக்கத்துப் பேனலில் ஒரு கேபிள் முனை சுட்டது. அதுவும் நான் போட்ட இணைப்பு. மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்டு அறுபது ஆம்பியர், கேபிள் தாங்கக்கூடியதுதான். ஆனால் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டர் முனையால் தொட்டுப் பார்த்தால் ஒரு வோல்ட் வித்தியாசம். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். அறுபதால் பெருக்கினால் அறுபது வாட். பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும் நகமளவு இடத்தில், அண்ணா! நட்டு தளர்ந்தால் அங்கே ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது. சூட்டில் கருகக் கருக இன்னும் ஏறுகிறது. கரண்டு கூடவே இல்லை. பிரேக்கருக்கு எப்படித் தெரியும்?

எரிந்த பேனலிலும் இதிலும் ஒரே வெள்ளிக்கிழமைதான் வயர் மாட்டினேன். நட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போகும்போது, மகள் அனிட்டாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்து வந்தவள், முறுக்கியாயிற்று என்று நினைத்து மூடியைப் போட்டுவிட்டேன்.

நேற்று ராமப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். காகிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "சுடலையை வரச் சொல்லும்மா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். எனக்கு விசாரணை உண்டு. வேலை போகலாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், பார்த்துக்கலாம் என்றார்.

இந்த நான்கு மாதம் ஊரில் உங்களை யார் என்ன பேசினார்களோ, தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் அப்பாவிடமும் காட்டுங்கள். மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அண்ணா. வந்து உங்கள் வேலையில் சேருங்கள்.

தங்கை என்று சொல்லிக்கொள்ளத் தயங்கும்,
சூசைமேரி