துருப்பிடிக்கும் கை

ஜூன் 7, சனி

கம்பி மாற்றி இன்று ஆறாவது நாள். காலையில் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. மெல்லிய ஜோடிகள் இரண்டும் கறுத்து, விரலை வைத்து இழுத்தால் சொரசொர என்கின்றன. எட்டுக் கம்பியில் நான்கு போய்விட்டன. தடித்த சுற்றுக்கம்பிகள் நான்கும் இன்னும் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும்.

என் கை துருப்பிடிக்கும் கை. நீகாட்டா மாண்டலின் குழுவில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். வியர்வை அப்படி. போதாததற்குப் பள்ளி மதிய உணவுக் கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்கு முட்டைக்கோஸ் அலசுகிற கை. அதற்கு மேல் இந்த ஊர்க் கடல்காற்று.

ஹொன்மா-சான் கை அப்படி இல்லை, உலர்ந்த கை. துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவர். அவர் கம்பி மூன்று மாதம் போனாலும் பளபளவென்று இருக்கும். பதினோரு வருடம் ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து இரண்டு பேரும் வாசித்தோம். ஏப்ரலில் கம்பெனி அவரை வடக்குத் தீவில் இருக்கும் ஓட்டாருவுக்கு மாற்றிவிட்டது. கப்பலில் ஏறினால் அரைப் பகலும் ஓர் இரவும். இப்போது என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மழைக்காலம் தொடங்கிவிட்டதாம். மாண்டலின் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டேன். எனக்குள் போட ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 21, சனி

பயிற்சி முடிந்து நகுமோ-சான் எல்லோரையும் நிறுத்தி வைத்து நவம்பர் கச்சேரிக்குத் தேதி சொன்னார். எங்கள் இரண்டாம் மாண்டலின் வரிசைக்கு அவர்தான் தலைவி. நவம்பர் பதினாறு கச்சேரி, ஒன்றாம் தேதி கம்பி மாற்றும் நாள். வருடா வருடம் இப்படித்தான். இரண்டு வாரம் முன்னால் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் வாங்கிய ஒரே வகைக் கம்பியைப் பூட்ட வேண்டும்.

மற்றவர்களுக்குச் சரி. எனக்கு? புதுக்கம்பி நான்கு நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது, தகரம் தட்டுவது போலக் கத்தும். ஐந்தாம் நாள்தான் படியும். என் கையில் ஆறாம் நாள் துரு. ஆக, ஒரு செட் கம்பியில் எனக்கு உருப்படியான நாள் ஒன்றே ஒன்று.

இதற்கு ஹொன்மா-சான் ஒரு வழி வைத்திருந்தார். கம்பி மாற்றும் நாளில் நானும் எல்லோரோடும் பூட்டிக்கொள்வேன். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் என் மாண்டலினைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். வேறு புதுக்கம்பி பூட்டி, நான்கு நாள் வேலை முடிந்து வந்து தன் உலர்ந்த கையால் வாசித்துப் படிய வைத்துத் திருப்பித் தருவார். எனக்கு ஐந்து நல்ல நாள் கிடைக்கும். பத்து வருடம் செய்தார். நகுமோ-சானுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரோ என்னவோ.

பத்து வருடம். அந்த நான்கு நாளும் என் வீட்டில் மாண்டலின் இருக்காது. அந்த நாள்களில்தான் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூலை 5, சனி

எங்கள் வரிசையில் வாசிக்கும் மருயாமா-சான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விற்கிற மாதிரியே பேசுவார்.

"சிஸுரு-சான், நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. பூச்சு போட்ட கம்பி மாட்டுங்க. நாலு மாசம் ஆச்சு, என்னோடத பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு."

"வாசிச்சாத்தானே தேயும்" என்றார் நகுமோ-சான்.

ஆனாலும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசையில் மூன்று உறை வைத்தார். ஒன்று எப்போதும் வாங்குகிற ஜெர்மன் கம்பி, குரல் தேன், ஆயுள் என் கையில் ஆறு நாள். இரண்டாவது அமெரிக்கக் கம்பி, உறுதியானது, ஆனால் தடிமன். எங்களுடைய முதுகு உருண்ட மாண்டலினில் அதை இழுத்துக் கட்டினால் கம்பியைத் தாங்கும் குதிரை அமுங்கி மேற்பலகை உள்வாங்கிவிடும். மூன்றாவது பூச்சுக் கம்பி. மெல்லிய தோல் ஒன்று ஒட்டிய மாதிரி, வியர்வை இரும்பைத் தொடவே தொடாது. "நாலு மாசத்துக்கு நான் கேரண்டி" என்றார். வாங்கிவிட்டேன்.

ஜூலை 12, சனி

"சிஸுரு-சான், கையுறை போட்டுக்கிட்டா வாசிக்கிறீங்க?" என்றார் நகுமோ-சான், எல்லோர் முன்னாலும்.

தப்பில்லை. எனக்கே அப்படித்தான் கேட்கிறது. ஒரு சுரத்தை விடாமல் அதிர அடிக்கும்போது கம்பி வழுக்குகிறது. பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது. துரு மட்டும் இல்லை.

ஹொன்மா-சானுக்குச் செய்தி அனுப்பினேன். பூச்சுக் கம்பி நல்லதா, கெட்டதா?

ஜூலை 14, திங்கள்

இரண்டு நாள் யோசித்துப் பதில் அனுப்பியிருக்கிறார். "ஆயுசு கூடும். குரல் குறையும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். இங்க இன்னைக்கு மூடுபனி."

எது வேணும். கேள்வியைப் பார். எனக்குக் குரலும் வேண்டாம், ஆயுசும் வேண்டாம். அந்த நாற்காலியில இருந்து என் கைப்பைய எடுக்கணும், அவ்வளவுதான் வேணும். இதை எப்படிங்க செய்தியில அடிக்கறது?

"மூடுபனியில் ஜாக்கிரதை" என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஹொன்மா-சான் ஊருக்கு வந்திருக்கிறார். பிப்ரவரியில் அவர் அம்மா போனார். அம்மாவுக்கு இது முதல் ஓபோன், இறந்தவர்கள் வீடு வந்து போகும் நாள்கள். வீடு நிறைய உறவினர்களாம். கோயில் திருவிழாத் தேர் வரும் என்று கூட்டுவது போல நான் இரண்டு முறை வாசலைக் கூட்டினேன். தேர் வரவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வந்தார். பதினைந்து நிமிடம். கறுப்புக் கோட்டு, கையில் ஓட்டாரு இனிப்புப் பெட்டி. வெளியே டாக்ஸியில் அவர் சித்தி காத்திருந்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு நேரம் இல்லை என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, முதலில் மாண்டலினைக் கேட்டார். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"பூச்சு போட்டதா?"

"ம்."

"எப்படி?"

"சாகாது."

"சத்தம்?"

"அதுவும் வராது."

சிரித்தார். கைக்குட்டையை எடுத்துக் கம்பிக்கு அடியில் விட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார், தேவையே இல்லாமல். பிறகு என் கையைப் பார்த்தார். "மெலிஞ்சிட்டீங்க" என்றார், கையிடம் சொல்வது போல.

நவம்பர் பதினைந்துக்கு லீவு சொல்லிவிட்டாராம். முந்தின நாள் ஒத்திகைக்கு வந்து, மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாராம். "கம்பி நீங்க எதுவும் வாங்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

சொல்ல வேண்டியதை எல்லாம் நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்ஸி மீட்டர் ஓடுது ஹொன்மா-சான்."

நாற்பத்தேழு வயசுக் கழுதை.

செப்டம்பர் 20, சனி

நகுமோ-சான் என் பக்கத்தில் வேறு ஆளை உட்கார வைக்கலாமா என்று கேட்டார். நவம்பரில் அவர் வருகிறார் என்றேன். "அதுக்கப்புறம்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை அந்தக் கேள்வியை உதற முடியவில்லை.

நவம்பர் 1, சனி

கம்பி மாற்றும் நாள். பதினெட்டுப் பேர், நூற்று நாற்பத்து நான்கு கம்பி, அறை முழுக்க கிறீச் கிறீச். நானும் பூட்டினேன். மருயாமா-சான் விதியை மீறித் தன் பழைய பூச்சுக் கம்பியோடு வந்து திட்டு வாங்கினார். என் கம்பி ஏழாம் தேதி கறுத்துவிடும். பரவாயில்லை. நான் பாத்துக்கறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 13, வியாழன்

பார்சல் வந்தது. மெழுகுத்தாளில் எட்டுச் சுருள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்தில் எண். தன் மாண்டலினில் புதுக்கம்பி பூட்டி, நான்கு நாள் வாசித்துப் படிய வைத்து, கழற்றி அனுப்பியிருக்கிறார்.

ஒரு விநாடி சிரிப்பு வந்தது. இது பூட்டாத புதுக்கம்பி இல்லை. ஒருமுறை முறுக்காணியில் சுற்றி வளைந்த கம்பியைக் கழற்றித் திரும்பச் சுற்றினால், வளைந்த இடத்திலேயே ஒடியும். முதல் மாதம் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கும் தெரியும். எஞ்சினையே பிரித்துப் போடுகிற மனுஷனுக்குத் தெரியாதா?

தடித்தவை நான்கும் ஏறின. அடுத்த ஜோடியும் ஏறியது. எண் ஏழு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன், நின்றது. எண் எட்டு சுருதிக்குக் கால் திருகு இருக்கும்போது ஒடிந்து புறங்கையில் அடித்தது. சின்னக் கோடுதான். அதற்கு ஏன் அரைமணி நேரம் அழுதேன்?

அந்த ஒரு கம்பி மட்டும் கடையில் வாங்கிப் பூட்டினேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் போன். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. வேலை பார்க்கும் கப்பலின் எஞ்சின் பிரித்தபடி கிடக்கிறதாம், உதிரிப் பாகம் வரவில்லையாம், திங்கள்வரை நகர முடியாதாம். "மன்னிச்சிருங்க" என்றார், இரண்டு முறை.

பரவால்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? பரவால்ல, பரவால்ல, பரவால்ல. பதினோரு வருஷமா இதைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். யாருக்குப் பரவால்ல?

வெள்ளிக்கிழமைக் கறிச்சோற்றில் இன்று உப்பு கூடிவிட்டது. அறுநூறு பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

கச்சேரி முடிந்தது.

பக்கத்து நாற்காலி காலி. நகுமோ-சான் அதை எடுக்கச் சொல்லவில்லை. மூன்றாவது உருப்படியில் எங்கள் வரிசை மட்டும் தனியாக மெதுவாக அதிர வேண்டிய இடம் இருக்கிறது, பதினாறு தாளச் சுற்று. ஏழு கம்பி அவர் படிய வைத்தவை. புதுசு ஒன்று மட்டும் கொஞ்சம் கத்திக்கொண்டே இருந்தது. மற்ற ஏழின் குரல் அவருடையது. பதினோரு வருடம் என் இடது காதில் கேட்ட குரல். அது என் கையிலிருந்து வந்தது. தாள் கலங்கிவிட்டது, மனப்பாடமாக வாசித்தேன்.

முடிந்ததும் அரங்கின் பின்வாசலில் நின்று, மேலங்கி கூடப் போடாமல், போன் செய்தேன்.

"எட்டாவது ஒடிஞ்சு போச்சு."

"ஒடியும்னு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அனுப்பினீங்க?"

பின்னால் ஏதோ சங்கிலி உரசும் ஓசை கேட்டது.

"வேற என்ன அனுப்பறதுன்னு தெரியல" என்றார்.

"எனக்குக் கம்பி வேண்டாம் ஹொன்மா-சான். எனக்கு நீங்க பக்கத்துல இருக்கணும். கச்சேரிக்கு மட்டும் இல்ல." சொல்லிவிட்டேன். "நான் அங்க வரட்டுமா?"

மறுபடி சங்கிலி.

"மத்தியானம் பன்னெண்டு மணிக் கப்பல் இங்க விடியக்காலை நாலரைக்கு வரும்" என்றார். "குளிரும். கனமான கோட்டு எடுத்துக்கோங்க. நான் நாலு மணிக்கே துறையில நிப்பேன்."

டிசம்பர் 1, திங்கள்

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். மார்ச்சில் பள்ளி ஆண்டு முடியும்வரை இருப்பேன், பிறகு இல்லை.

மார்ச் 28, சனி

கடைசிப் பயிற்சி. போகும்போது நகுமோ-சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாண்டலின் ஒவ்வொரு நவம்பரும் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றார். "பத்து வருஷம் ஆச்சே, எப்பத்தான் ஆளும் கூடப் போகும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஏப்ரல் 19, ஞாயிறு. ஓட்டாரு

தெருவோரம் இன்னும் அழுக்குப் பனி. மருத்துவமனைச் சமையல்கூடத்தில் மூன்றாவது வாரம். மத்தியானம் இரண்டு பேரும் கம்பி வாங்கப் போனோம். இந்த ஊர்க் கடைக்காரர் என் விரல் நுனியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"உங்களுக்குத் துருப்பிடிக்கிற கை போல இருக்கே. பூச்சு போட்டது எடுத்துக்கோங்க, நாலு மாசம் வரும்."

நான் வாய் திறப்பதற்குள் ஹொன்மா-சான் குனிந்து, உறைகளைத் தள்ளித் தள்ளி, பழைய ஜெர்மன் கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆறு நாள் வந்தா போதும்" என்றார். "மாத்திக் குடுக்க வீட்டுல ஆள் இருக்கு."