செம்பியன் பெயரில் வந்த ரத்தம்

நவம்பர் 11, திங்கள்

மழை பிடித்தால் போதும், மயிலாப்பூரில் எல்லாக் காய்ச்சலுக்கும் டெங்கு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இன்றும் லேபில் போன் ஓயவில்லை. ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்ளோ சார்?" ஒருத்தராவது வெள்ளை அணு என்ன ஆயிற்று, ஹீமோகுளோபின் ஏறியதா இறங்கியதா என்று கேட்கட்டுமே! பப்பாளி இலையை அரைத்துக் குடிக்கவேண்டியது, மறுபடி போன் போடவேண்டியது.

ரத்த அணுக்களை எண்ணும் மெஷின், எண்களோடு ஒரு படமும் போடுகிறது. ஒவ்வொரு வகை வெள்ளை அணுவுக்கும் ஒரு நிறம், ஒரு புள்ளிக்கூட்டம். டெங்கு அதை ஒரு விதமாக மாற்றும், மலேரியா வேறு விதமாக. பார்க்கப் பழகியவனுக்கு முதல் நாளே சந்தேகம் வரும். அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டில் சேர்ப்போம் என்றால் முதலாளி சொல்கிறார்: "யாரு பாக்கப் போறா டாக்டர்? கலர் இங்க்தான் வேஸ்ட்டு."

நவம்பர் 12, செவ்வாய்

வாட்ஸப்பில் வகுப்புத் தோழர்கள் இன்னும் என்னை 'ஜோசியர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உபயம் ராகவேந்திரன் — இப்போது அடையாறில் பெரிய பிசிஷியன். தி.நகரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் மெஷின் போடும் இந்தப் படங்களை வைத்துப் பேசினேன். அவன் எழுந்து மைக்கை வாங்கி, "சாய்நாத், இது பேத்தாலஜியா ஜோசியமா?" என்றான். அரங்கமே சிரித்தது. வருடங்கள் ஓடிவிட்டன. நான் மறக்கவில்லை. ஏன் மறக்கவேண்டும்?

நவம்பர் 13, புதன்

காலையில் ஒரு சாம்பிள். செம்பியன், வயது 32, காய்ச்சல். அனுப்பியவர் டாக்டர் ராகவேந்திரன். பிளேட்லெட் நன்றாகவே குறைந்திருந்தது. டெக்னீஷியன் ஆஃப்ரீன் ரிப்போர்ட்டை அனுப்பப் போனாள். நான் திரையைப் பார்த்தேன். டெங்குவில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் மேகம் மாதிரி திரளும், அது இல்லை. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கொத்துப் புள்ளிகள். ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தது. டெங்கு முற்றினால் ரத்தம் கெட்டிப்பட்டு அது ஏறும், இப்படி இறங்காது.

"அனுப்பாதே. ஸ்லைடு போடு."

"கியூல எவ்ளோ சாம்பிள் கீது பாருங்க சார்."

"போடுன்னா போடு!"

"போடறேன், போடறேன். ஒங்க பி.பி.யயும் சேத்துப் பாத்துர்றேன்."

மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள். சிலவற்றில் இரண்டிரண்டு. ஃபால்சிபாரம் — மலேரியாவில் ஆளைக் கொல்லும் ரகம்.

ராகவேந்திரனைக் கூப்பிட்டேன். அவன் குரல் கரகரத்தது.

"என் டிரைவர்டா. கார்டு டெஸ்ட்ல டெங்கு லேசா பாசிட்டிவ். நான் பாத்துக்கறேன். பிளேட்லெட் எவ்ளோ, அதை மட்டும் சொல்லு."

"மலேரியாடா."

"கிளி சீட்டு எடுத்துக் குடுத்துதா?" வைத்துவிட்டான்.

இவன் எக்கேடோ கெடட்டும், அந்த டிரைவர் என்ன பாவம் செய்தான்? சாம்பிளோடு வந்த சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றேன்.

"காய்ச்சலா? எனக்கா? இன்னா சார், நான் நல்லாத்தான் கீறேன். அடையார் டிப்போவாண்ட டீ குடிச்சிக்கினு கீறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சார்... அது அய்யா ரத்தம். டாக்டருக்கே காய்ச்சல்னா பேஷன்டுங்க இன்னா நெனைப்பாங்கன்னு என் பேர்ல அனுப்பிட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க சார்."

வயது ஐம்பத்தைந்து, உடம்பு முழுக்கச் சர்க்கரை, எழுதியிருப்பது முப்பத்திரண்டு! முட்டாள். அடிமுட்டாள். இவன் பெரிய பிசிஷியனாம்.

நான் ஏன் போகவேண்டும்? சொல்லியாயிற்று, கிண்டலும் வாங்கியாயிற்று — ஆனாலும் ஆட்டோ பிடித்தேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி ஜலஜா. "நடுங்கிண்டே இருக்கார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார். நீங்களாவது சொல்லுங்கோ." வெளியூர் எங்கேயாவது போனானா என்றேன். "போன மாசம் ஒடிசாவுக்கு மெடிக்கல் கேம்ப் போனாரே!"

ஃபால்சிபாரம் மண்டிக் கிடக்கும் ஊர். எங்கே போய்வந்தாய்? காய்ச்சல் என்று வருகிற எவனையும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. மாணவர்களைத் துளைத்தெடுப்பவன், தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு போர்வைக்குள்ளிருந்து, "ஜாதகம் கொண்டுவந்தியா?" என்றான். போனில் ஸ்லைடு படத்தைக் காட்டினேன்.

"இது உன் ரத்தம்டா. செம்பியன் டீ குடிச்சிண்டிருக்கான்."

போனைக் கையில் வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். "ஜலஜா, வண்டியை எடுக்கச் சொல்லு."

நவம்பர் 14, வியாழன்

ஐ.சி.யு. மருந்து ஏறுகிறது. சிறுநீர் சரியாகப் பிரியவில்லையாம். ஜலஜா போனில் அழுகிறாள். எனக்கு வேலை ஓடவில்லை. இதற்கும் அவன்தான் காரணம்.

நவம்பர் 16, சனி

காய்ச்சல் விட்டது. கிட்னி தப்பியது.

நவம்பர் 22, வெள்ளி

வாட்ஸப்பில் அறிவிப்பு: ராகவேந்திரன் டெங்குவிலிருந்து மீண்டு வீடு திரும்பினான். டெங்குவாம்! வரிசையாகப் பூங்கொத்துகள். ஒருவன் பப்பாளி இலையின் பெருமையை நாலு பத்தி எழுதியிருக்கிறான். ராகவேந்திரன் எல்லோருக்கும் கைகூப்பு போட்டிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை? கிடையாது.

என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இனி வரப்போவதில்லை. ஆனால் எந்த மேடையிலும் காட்டமுடியாது. பதிவின்படி அது காய்ச்சலே வராத ஒரு டிரைவரின் ரத்தம். ராகவேந்திரனே சொன்னாலொழிய நான் வாய் திறக்கமுடியாது. அவன் சொல்லமாட்டான்.

டிசம்பர் 5, வியாழன்

ராகவேந்திரன் போன். நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடமாட்டான். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பில், "பெருங்குடியிலேர்ந்து ஒரு பொண்ணுடா. நல்ல காய்ச்சல். எனக்கு டெங்குன்னுதான் தோணறது. இருந்தாலும் மெஷின் படத்தைக் கேட்டு வாங்கி உனக்கு அனுப்பியிருக்கேன். பாரு."

சோற்றுக் கையோடு, இடது கையால் படத்தைப் பெரிதாக்கினேன். லிம்போசைட் மேகம் பாடப்புத்தகத்தில் அச்சிடலாம் போல. ரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. வேறு ஏதாவது கிடைக்குமா என்று மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றுமே இல்லை.

"இருக்கியாடா? என்ன தெரியறது?"

இந்தக் கேள்வியை அவன் வாயால் கேட்க எத்தனை வருடம்!

"டெங்குதான்," என்றேன். "நீ சொன்னதுதான் சரி."