ரோடு வரவில்லை, மதினி

என் மாமன் மகளாகப் பிறந்து, என் அண்ணன் பெண்டாட்டியாக வந்து, இரண்டு வகையிலும் என்னைப் படாத பாடு படுத்திய ஈஸ்வரி மதினிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொண்டால் கனவில் வந்து வைவாய். ரோட்டுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உன் மாம்பழக் கலர் பட்டுச்சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அண்ணனிடம் கேட்கவில்லை. பீரோ திறந்து கிடந்தது, எடுத்துவிட்டேன். சேலை எனக்கு உன்னைவிட எடுப்பாகத்தான் இருந்தது. ரவிக்கைதான் காலை வாரிவிட்டது. என் வலது கை உள்ளே போனது, இடது கை வரமாட்டேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டது. நீ இவ்வளவு ஒல்லியாகவா இருந்தாய்? கடைசியில் என் பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன். கம்பத்துப் பஸ்ஸில் ஒரு பிள்ளை என்னைப் பார்த்துக் கிளி என்றது.

சரி, சேதிக்கு வருகிறேன். அதை அடக்கி வைத்து எழுத என்னால் ஆகாது. மதினி, ரோடு வரவில்லை! நம் பக்கம் வரவில்லை. மலையை வெட்டவில்லை. ஏற்கெனவே இருக்கிற பழைய ரோட்டையே அகலப்படுத்திக்கொள்ளப் போகிறார்களாம்.

சேதி கேட்டதும் உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. கழற்றிய செருப்பை உடனே மாட்டிக்கொண்டு திரும்ப ஒரு மாதிரி இருந்தது. உள்ளே போய் அண்ணனுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்கு இன்னமும் தெரியவில்லை. இத்தனை வருசம் அந்த மனுசனுக்கு நீ என்னதான் சொல்லிக் கொடுத்தாய்?

நம் போராட்டத்தைப் புத்தகமாகப் போடுகிறவர்கள் இந்தக் கடிதத்தையும் அச்சில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நாலு பேர் கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். நீ ஐந்தாம் வகுப்பு என்று பீற்றிக்கொண்டது எல்லாம் இனிமேல் செல்லாது. யார் பெயர் புத்தகத்தில் வருகிறது, பார்.

காமயகவுண்டன்பட்டியை விட்டு மலையடிவாரத்துக்குப் போனால் நம் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, மேலே கொடி படர்ந்த பந்தல். தோட்டத்தை ஒட்டி மலையிலிருந்து இறங்குகிற ஓடை. அந்த ஓடைதான் நம் கிணற்றுக்கு உயிர்.

அறுப்பு முடிந்து கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டும்போது நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து எந்தத் தூணோடு வேலையை நிறுத்துகிறோமோ, அந்தத் தூணில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவோம். மறுநாள் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அதை அவிழ்த்துவிட்டு, அங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பார்கள். தூணில் துணி தொங்கினால் அங்கே வேலை பாக்கி. நம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்றைக்கு நான் உனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டேன். போய்ப் பார்த்தால் தூணுக்குத் தூண் சிவப்புத் துணி. ஒரு வரிசையிலும் வேலை முடியவில்லை, எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். முந்தின நாள் ஆளை வைத்து வேலை வாங்கியவள் நீ. உன்னை மனசார வைதுகொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். துணி பந்தலோடு நிற்கவில்லை. ஓடையைத் தாண்டி, கரைமேல் நின்ற இலவ மரம் வரைக்கும் கட்டியிருந்தது. இலவ மரத்துக்கு எவளாவது கவாத்து வெட்டுவாளா என்று கொஞ்சம் யோசித்தேன். யோசித்துவிட்டு அதையும் அவிழ்த்தேன்.

நல்ல புதுத் துணி. தலையைச் சுற்றிக் கட்ட அளவெடுத்தது போல் இருந்தது. வெயிலுக்கு ஆகும் என்று வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் பங்கு வைத்தேன். தாமதமாக வந்த உனக்கும் ஒன்று கொடுத்தேன். நீயும் ஏது, எவடம் என்று கேட்காமல் கட்டிக்கொண்டாய். அதற்கு நான் என்ன செய்ய?

மறுநாள் சர்வேயர் வந்தார். கூடவே கிராம உதவியாளரும் இரண்டு ஆட்களும். பந்தலுக்குள் குனிந்து வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கட்டிவிட்டுப் போன துணி அத்தனையும் நம் தலைகளில் இருந்தது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரோடு வருதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

நமக்கு யாரும் சொல்லவில்லை. அவர்தான் அப்போது சொன்னார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் காலை மிதித்தாய். மிதித்தபடியே, எல்லாம் தெரிந்தவள் போல, எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்டாய். அவரும் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கையை நீட்டிக் காட்டினார். இலவ மரத்திலிருந்து ஓடைமேல் இறங்கி, நம் பந்தலின் நடுவே புகுந்து போகிறது. நாலு வண்டி ஒன்றுக்கொன்று உரசாமல் போகிற அகலம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்க, மலையை வெட்ட வேண்டும். வெட்டின மண்ணை எங்கே கொட்டுவீர்கள் என்று நீ கேட்டாய். அவர் ஓடையைப் பார்த்தார்.

பிறகு நீ சொன்னாய். இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "நாங்கதேன் அவுத்தோம். திருப்பிக் கட்டுங்க, திருப்பி அவுப்போம். துணி நல்லாருக்கு சார், இன்னும் நாலு பேருக்குத் தலைக்கு வேணும்."

அவர் போன பிறகு என்னைப் பந்தல் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய்: "ஏடி முருகாயி, இலவ மரத்துக்குமாடி கவாத்து வெட்டப் போன?" நாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நீ வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய்.

அதற்கப்புறம் ரோடு வேண்டாம் என்று ஊர் கூடியபோது சிவப்புத் துணிதான் நம் அடையாளம் ஆனது. யாரோ ரொம்ப யோசித்துச் செய்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நாமும் மறுக்கவில்லை.

ரோடு வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், மதினி, இல்லை என்று சொன்னால் பொய். நம் பழத்தை எடுக்கிற கம்பத்து வியாபாரி காதர் பாய்க்கே முதலில் ஆசைதான். மலையைச் சுற்றாமல் லாரி போய்விடும், பழம் வாடாது, விலை கூடும் என்று உன் வீட்டில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார். நீ அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டாய்: "லாரி வெரசாப் போயிரும்ணே, சரிதேன். எதை ஏத்திக்கிட்டுப் போவீக?" மனுசன் கோபித்துக்கொண்டு போனார். அந்த அறுப்புக்கு ஆளைத்தான் அனுப்பினார், தான் வரவில்லை. அடுத்த அறுப்புக்கு அவரே வந்தார். ஓடை வரைக்கும் தனியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, தேனிக்கு மனுக் கொடுக்கப் போகிறீர்களாமே, பஸ்ஸில் ஏன் போகிறீர்கள், என் லாரி சும்மாதான் நிற்கிறது என்றார்.

அந்த லாரிப் பயணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு குதிக்கிறது. எல்லாத் தலையிலும் சிவப்பு. சின்னமனூர்க் கடைவீதியில் ஜனம் நின்று பார்த்தது. நீ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் முழு முறுக்கு கொடுத்தாய், எனக்கு மட்டும் உடைந்தது. ஏன் என்று கேட்டதற்கு, உன் வாய்க்கு அது போதும் என்றாய். அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். எங்கே சொல்ல?

ஆடியில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. தேனி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான், கூட்டம் எப்போது. நாள் குறித்தாகிவிட்டது, நீ எழுந்து வந்துவிடுவாய் என்றேன். நீ என் கையைப் பிடித்தாய். சும்மா பிடிப்பவள் இல்லையே நீ, எனக்குப் பயமாகப் போயிற்று.

"நான் வரலைன்னா நீதேன் பேசணும். அங்கன போயி அழுது தொலைச்சிறாத. அழுதா பாவம்னு சொல்லி அனுப்பிருவாக. சிரிக்க வச்சுப் பேசு, அப்பத்தேன் காதுல விழும்."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. செத்துப்போகிற நேரத்திலும் வேலை ஏவிவிட்டுத்தான் போனாய்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். கல்யாணத்துக்கு மாலை மாற்றுகிற இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ரோடு வேண்டும் என்று சிலர் பேசினார்கள், வேண்டாம் என்று பலர் பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் போய் மைக்கைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை, மதினி. பாடம் பண்ணியது அத்தனையும் போய்விட்டது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

நடுவில் இருந்த ரோடு ஆபீசர் நல்ல மாதிரி. பயப்படாமல் சொல்லுங்கம்மா என்றார்.

"பயமில்ல சார். அழுகை வருது. அழுதா எங்க மதினி வைவாக, அதேன் நிக்கிறேன்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு கேட்டதும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"ஒரு நா எங்க தோட்டத்துக்கு வாங்க சார். பந்தலுக்குள்ள குனிஞ்சு நடந்து பாருங்க. எங்க கையால சாப்பிடுங்க. ஓடைத் தண்ணியிலதேன் ஆக்குவோம். சாப்பிட்டுக் கை கழுவிட்டு, இங்கன ரோடு வேணும்னு நீங்க சொன்னீகன்னா, நானே தூணுக்குத் தூண் துணியைக் கட்டித் தாரேன்."

ரோடு வேண்டும் என்று பேசியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. என்னவோ குறித்துக்கொண்டார். நான் அழவில்லை, மதினி. வெளியே வந்து காதர் பாய் லாரிக்குப் பின்னால் நின்றுதான் அழுதேன். அது கணக்கில் வராது.

பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. போன வாரம் காதர் பாய் செல்போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, உங்க பக்கம் இல்லையாம்." அவ்வளவுதான் சொன்னார். நாம் போட்ட சத்தத்தாலா, காட்டு இலாகா ஒத்துக்கொள்ளாததாலா, காசு பற்றாமலா, யாருக்குத் தெரியும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உன்னால்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மறுத்துப் பேச நீ இல்லை, எனக்கு வசதி.

நேற்று அந்த ஆபீசரே வந்தார். ஓடைக்கரையில் ரோட்டுக்காக நட்டிருந்த அளவுக்கல்லை ஆள் வைத்துப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, சாப்பாடு போடுவதாகச் சொன்னீர்களே என்றார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். நீ வைப்பதுபோல் வரவில்லை, உறைப்பு மட்டும் வந்தது. பந்தலுக்குள் குனிந்து நடந்து பார்த்தார். ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அப்புறம், அன்றைக்குச் சொன்னீர்களே உங்கள் மதினி, அவர் எங்கே என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. நான், "அவுக வரல சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

சாப்பிட்டு முடித்து ஆபீசர் ஜீப்பில் ஏறினார். நம் தோட்டத்துப் பாதையில் ஜீப் திரும்ப இடம் கிடையாது. டிரைவர் பின்னால் எடுத்தார். வண்டி இடித்து, பந்தலைத் தாங்குகிற மூலைக்கல் சாய்ந்தது. கம்பி தளர்ந்து, பந்தல் காயும் கொடியுமாக ஜீப்பின் மேல் படுத்துக்கொண்டது. கதவு திறக்கவில்லை. யாருக்கும் அடி இல்லை. கொடியை அறுத்து எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, அதுவரை இருவருக்கும் ஜன்னல் வழியாக மோர் கொடுத்தோம். ஆபீசர் கைக்கு எட்டிய கொத்தில் ஒன்றைப் பறித்துத் தின்று பார்த்துவிட்டு, புளிக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் போகணும் சார் என்றேன்.

அடுத்த கவாத்துக்குள் மூலைக்கல்லை நிமிர்த்திவிடுகிறேன், மதினி. சத்தியம்.

உன் நாத்தனார்,
முருகாயி